பல்லக்கிலிருந்து பற்சக்கரம் வரை: லுசேர்ன் மலைகளுக்கு ஏறிய வழிகள்

2018 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில், சுவிற்சர்லாந்தின் லுசேர்ன் புகையிரத நிலைய வாசலில் என் அண்ணாவுக்காகக் காத்திருந்தேன். அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன். நான் நின்ற இடத்துக்கு எதிரே, கட்டடம் எதனோடும் ஒட்டாமல் ஒரு பெரிய கல் வளைவு தனித்து நின்றது. 1896 இல் கட்டப்பட்ட நிலையத்தின் முகப்பு அது. 1971 இல் தீ அந்த நிலையத்தை அழித்தது. 1991 இல் புதிய நிலையம் எழுந்தபோதும் வளைவை மாத்திரம் அகற்றாமல் விட்டார்கள்.

அந்த வளைவைத் தாண்டினால் பஸ் நிலையம். வீதியைக் கடந்தால் கப்பல்துறை. புகையிரதம் வந்து நிற்க, பஸ் புறப்பட, கப்பல் ஊதுகிறது. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறிக்கொண்டே ஏரியைக் கடந்து மலையுச்சிவரை போய்விடலாம். கைகாட்டி வழி கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இந்த ஒழுங்கைப் பார்க்கும் எவருக்கும் அது மலையும் ஏரியும் போலவே என்றென்றும் அங்கு இருந்து வந்தது என்ற எண்ணம் தோன்றும். உண்மை அதுவல்ல. அந்த மலைகளுக்கு ஏறும் வழி ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு அச்சத்தை வென்று, யாரோ சிலருடைய தோளையும் முதுகையும் நம்பி உருவானது.

அச்சத்திலிருந்தே தொடங்கலாம். லுசேர்ன் நகருக்கு மேலே நிற்கும் மலையின் பெயர் பிலாத்துஸ். உயரம் 2,128 மீற்றர். யேசுவைச் சிலுவையில் அறையக் கையளித்த பிலாத்துவின் உடல் அம்மலையிலுள்ள சிறு குளமொன்றில் கிடக்கிறது என்றும், அக்குளத்தில் கல் எறிந்தால் அவனுடைய ஆவி சினந்து புயலையும் வெள்ளத்தையும் ஏவிவிடும் என்றும் மத்திய காலத்து மக்கள் நம்பினார்கள். ஆகவே மலையில் ஏறுவதை நகராட்சி தடை செய்தது. 1387 இல் தடையை மீற முனைந்த ஆறு மதகுருமார் தண்டிக்கப்பட்டார்கள். 1555 இல் சூரிச் நகரத்து இயற்கையியல் அறிஞர் கொன்றாட் கெஸ்னர் அனுமதி பெற்று ஏறினார். 1585 இல் லுசேர்ன் நகரின் பங்குத் தந்தையே மக்களை அழைத்துச் சென்று குளத்தில் கற்களை எறிந்து ஆவிக்குச் சவால் விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1594 இல் கரையை வெட்டிக் குளத்து நீரையும் வடியவிட்டார்கள். மலைக்கான முதலாவது பாதை அன்றுதான் மனித மனத்தில் திறந்தது என்பேன்.

ஏரியின் கதை வேறு. இத்தாலிக்குச் செல்லும் கொத்தார்ட் கணவாயின் சரக்கெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் இந்த ஏரி வழியாகவே வந்து போயிற்று. தென்கோடியிலுள்ள புளூலன் துறைக்கும் லுசேர்னுக்கும் இடையே செங்குத்தான பாறைச் சுவர்கள் நீருக்குள் இறங்கி நின்றன. படகே வழி. ஏற்றி இறக்கும் உரிமை படகோட்டிகளின் சங்கங்களிடம் இருந்தது. 1837 இல் முதலாவது நீராவிக் கப்பல் ஏரியில் ஓடத் தொடங்கியது. 1865 இல் பாறையைக் குடைந்து கரையோர வீதி அமைத்தார்கள். துடுப்பின் காலம் முடிந்தது. 1901 க்கும் 1928 க்கும் இடையில் கட்டப்பட்ட ஐந்து துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் இன்றும் அங்கு பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஒரு காலத்தில் படகோட்டியின் பிழைப்பைப் பறித்த கப்பல், இன்று பழம்பெருமையாகப் பேணப்படுகிறது.

ஏரியின் மறுபக்கத்தில் றிகி மலை. அங்கு முதலில் ஏறியவர்கள் யாத்திரிகர்கள். 1689 இல் எழுந்த மாதா கோயிலை நாடி நடந்தே சென்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூரிய உதயம் பார்க்கும் மோகம் பரவியது. 1816 இல் உச்சியில் முதலாவது விடுதி கட்டப்பட்டது. இயன்றவர்கள் நடந்தார்கள். பணமுள்ளவர்கள் குதிரையில் போனார்கள். அதற்கும் இயலாதவர்களை நாற்காலிப் பல்லக்கில் இருத்தி, கிராமத்து ஆண்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். 1868 இல் விக்டோரியா மகாராணியார் கென்ற் சீமாட்டி என்ற புனைபெயரில் லுசேர்னில் தங்கியிருந்தபோது குதிரையேறிப் பிலாத்துஸ் மலைக்குச் சென்றார். அரசியர் எவ்வழியில் சென்றார் என்பதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. பல்லக்குத் தூக்கியவர்களின் பெயர்களை எழுதி வைக்கவில்லை.

அந்தத் தோள்களுக்கு ஓய்வும், அதே வேளை வேலையிழப்பும் தந்தவர் நிக்கலஸ் றிகன்பாக். 1817 இல் அல்சாஸ் பிரதேசத்தில் பிறந்து, புகையிரதத் தொழிற்சாலைகளில் வளர்ந்தவர். வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் செங்குத்தான ஏற்றத்தில் சறுக்கும். எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணி போன்ற இரும்புப் பட்டம் ஒன்றைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அந்த ஏணியின் படிகளைப் பற்றிக்கொண்டு ஏறும்படி செய்தார். 1863 இல் பிரான்சில் இதற்கு உரிமம் பெற்றார். அவருடைய 54 ஆவது பிறந்தநாளான 1871 மே 21 இல் ஏரிக்கரையிலுள்ள விற்ஸ்நவ் கிராமத்திலிருந்து றிகிக்கு ஐரோப்பாவின் முதலாவது பற்சக்கர மலைப்புகையிரதம் ஏறியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய பாதை ஒன்று வந்திருந்தது. சாய்வில் நீர்மட்டம் பிசகாமல் இருப்பதற்காக முதலாவது எஞ்சின்களின் கொதிகலனை நிமிர்த்தி வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய போத்தல் மலையேறுவது போலிருக்கும். பாதை முதலில் உச்சிவரை செல்லவில்லை. லுசேர்ன் மாநிலத்தின் எல்லை அங்கு முடிந்ததே காரணம். உச்சியை அடைந்தது 1873 இல்.

பிலாத்துஸ் இன்னும் கடினமானது. அங்கு ஏற்றம் 48 வீதம். அதாவது நூறு மீற்றர் முன்னே சென்றால் நாற்பத்தெட்டு மீற்றர் மேலே. மேலிருந்து பற்றும் பற்சக்கரம் அத்தகைய சாய்வில் படியை விட்டுக் கிளம்பிவிடக்கூடும். எட்வார்ட் லோக்கர் என்ற பொறியியலாளர் பற்களைப் பட்டத்தின் இரு பக்கங்களிலும் அமைத்து, இரண்டு சக்கரங்கள் படுக்கையாகச் சுழன்று இரு கைகளால் பிடிப்பதுபோல அதைப் பற்றிக்கொள்ளச் செய்தார். 1889 இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையே இன்றும் உலகின் மிகச் செங்குத்தான பற்சக்கரப் பாதை. அதைக் கட்டியவர்கள் சுமார் 600 தொழிலாளர். அவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியர்.

இத்தாலியர் என்றதும் கொத்தார்ட் சுரங்கம் நினைவுக்கு வருகிறது. லுசேர்னை உலகத்தோடு இணைத்த அந்த 15 கிலோமீற்றர் சுரங்கத்தை 1872 முதல் தோண்டியவர்களும் பெரும்பாலும் வறிய இத்தாலியரே. 1875 இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சூடு நடத்தப்பட்டு நான்கு பேர் இறந்தார்கள். வேலை முடிவதற்குள் விபத்துக்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். ஒப்பந்தகாரரான லூயி ஃபாவ்ர் என்பவரும் 1879 இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் இறந்துபோனார். 1882 இல் அந்த வழியாகப் புகையிரதம் ஓடியது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. றிகன்பாக்கின் கீழ்ப் பணியாற்றிய றோமான் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியியலாளர் அம்முறையைத் திருத்தி, பற்கள் மாறிமாறி அமைந்த இரட்டைப் பட்டத்தை உருவாக்கினார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 இலும், உதகமண்டலத்துக்கு 1908 இலும் சென்ற நீலகிரி மலைப்புகையிரதம் ஆப்ட் அவர்களின் முறையிலேயே ஏறுகிறது. அதன் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்கள் சுவிற்சர்லாந்தின் விந்தர்தூர் நகரில் செய்யப்பட்டவை. ஆப்ட் 1933 இல் காலமானது லுசேர்னில்தான்.

இனி அண்ணாவிடம் வருகிறேன். அவர் 1985 இல், இருபத்திரண்டு வயதில், அரசியல் தஞ்சம் கோரி சுவிற்சர்லாந்துக்கு வந்தவர். தஞ்சம் கோருவோர் எந்த மாநிலத்தில் வசிப்பது என்பதை அரசாங்கமே தீர்மானிக்கும். அவருக்கு விழுந்தது லுசேர்ன். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கினார். அன்றைய தமிழ் இளைஞர்கள் பலருக்கும் கிடைத்த வேலை அது. குசினியின் பின்பக்க யன்னலில் பிலாத்துஸ் மலை தெரியுமாம். அதன் தலையில் முகில் இருக்கும் விதத்தைப் பார்த்து அன்றைய வானிலையைச் சொல்வதற்கு அங்குள்ளவர்களைப் போலவே அவரும் பழகியிருந்தார்.

ஆனால், மலைக்குப் போனதில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தடவையேனும் போனதில்லை.

"ஏன் அண்ணா, ஒருக்காலும் ஏறிப் பாக்கேல்லையோ?" என்று கப்பலில் இருந்தபடி கேட்டேன்.

"எங்கை தம்பி நேரம்? வேலை முடிஞ்சா பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை போறதுதான். பிறகு, ஏறியிறங்கிற காசு அப்ப அம்மாவுக்கு ஒரு மாதச் செலவு" என்றார்.

கப்பல் எங்களை அல்ப்னாக்ஸ்ராட் துறையில் இறக்கியது. லோக்கரின் பாதை தொடங்குவது அங்குதான். 1937 இல் பாதை மின்மயமானபோது வந்த சிவப்புப் பெட்டிகள் அன்றும் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது புதியவை ஓடுகின்றன. படிக்கட்டுப் போன்ற ஆசனங்களில் அமர்ந்தோம். பற்கள் பட்டத்தைக் கவ்வும் ஓசை காலடியில் கேட்டது. அரை மணித்தியாலத்தில் உச்சி.

மேலே வெளிநாட்டுப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணா நேராகக் கம்பி வேலியோரம் போய் நின்றார். கீழே ஏரியும் நகரமும் வெயிலில் கிடந்தன. நெடுநேரம் கண்களைச் சுருக்கி எதையோ தேடினார்.

"ஹோட்டல் தெரியுது. குசினி யன்னல்தான் தெரியேல்லை" என்றார்.

பல்லக்குச் சுமந்தவர்களும் சுரங்கம் தோண்டியவர்களும் மலையுச்சியில் நின்று அந்தக் காட்சியை இரசித்தார்களா என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. என் அண்ணா நின்று பார்த்தார் என்பதை இங்கு எழுதி வைக்கிறேன்.