வன்னிக் கமத்தில் முதியோரும் இளையோரும்

ஒரு தொழிலில் முதியோரும் இளையோரும் ஒருங்கு நின்று வேலை செய்வது எங்ஙனம் என்னும் வினா இந்நாளில் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பெரிதும் பேசப்படுகின்றது. இதனைப் புதிய வினாவென எண்ணுவோர் பலர். ஆயினும் வன்னிப் பெருநிலத்துக் கமக்காரர் இவ்வினாவுக்குப் போகந்தோறும் விடை கண்டே வாழ்ந்தனர். எமது மண்ணின் மிகப் பழைய தொழிற்களம் குளத்தின் கீழுள்ள வயலேயாகும். அவ்வயலின் வரலாற்றைத் தலைமுறைகளின் உறவு என்னும் ஒரு பக்கத்தில் நின்று இக்கட்டுரையில் நோக்குவோம்.

குளமும் வட்டவிதானையும்

முற்காலத்துக் கிராமக் குளத்து வயலில் வேலை வயதுக்கேற்பப் பகிரப்பட்டிருந்தது. உழவும் வரம்பு கட்டுதலும் உடல்வலி மிக்கோர் கடன். மாடு சாய்ப்பதும் குருவி கலைப்பதும் சிறுவர் கடன். இரவிற் பரணில் இருந்து பன்றியையும் யானையையும் காப்பது வாலிபர் பொறுப்பு. விதைநெல் தெரிவதும், விதைப்புக்கு நாள் பார்ப்பதும், நீரின் அளவு கண்டு எவ்வளவு வயல் விதைக்கலாம் என்று சொல்வதும் முதியோரிடம் இருந்தன. அரிவி வெட்டுக்கும் சூடு மிதிப்புக்கும் ஆண், பெண், சிறுவர், முதியோர் யாவரும் கூடினர்.

களத்திலே நெல்லை நெல்லென்று சொல்லாது ‘பொலி’ என்று சொல்வது வழக்கம். இவ்வாறு களத்துக்கே உரிய சொற்கள் பல இருந்தன. வன்னியில் அரசாங்க உத்தியோகத்தராயிருந்த ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர் இக்களமொழியை வியந்து எழுதினார்; வன்னி மாவட்டங்களைப் பற்றிய அவருடைய கைந்நூல் 1895இல் வெளிவந்தது. அச்சொற்களை எந்தச் சிறுவனும் ஏட்டிற் படித்தவனல்லன். சூட்டின் அருகே நின்று, பெரியவர் சொல்லக் கேட்டு, தானும் சொல்லிப் பழகினான். வேலையே பள்ளியாகவும் அமைந்திருந்தது என்று கூறின் மிகையாகாது.

1832ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இராசகாரிய முறையை நீக்கியது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. எனினும் குளக்கட்டையும் வாய்க்காலையும் பேணுவதற்குச் சனங்களை ஒன்றுகூட்டிய அதிகாரமும் அதனோடு போயிற்று. பல குளங்கள் பாழாயின. இதனை உணர்ந்தே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், நீர்ப்பாசனம் பற்றிய 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நீரும் வயலும் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கம். அவ்வழக்கங்கள் எங்கே எழுதப்பட்டிருந்தன? எங்கும் இல்லை, ஊர் முதியோர் நினைவிலேயே இருந்தன. ஆகவே முதியோரின் நினைவுக்குச் சட்டத்தின் வலு வந்து சேர்ந்தது. வாய்க்கால் துப்புரவு, வேலி அடைப்பு, நீர்முறை ஆகியவற்றை மேற்பார்த்த வட்டவிதானை அவ்வழக்கத்தின் காவலரானார். அவருக்குரிய வேதனம் விளைந்த நெல்லிலிருந்தே கிடைத்தது.

இதனைக் கொண்டு பழங்காலம் முற்றும் பொற்காலமென்று நாம் மயங்குதல் ஆகாது. காணியுடைய குடும்பத்து முதியவரின் சொல்லே சபையில் ஏறியது. அவ்வயலிலேயே ஆயுள் முழுவதும் உழைத்து நரைத்த கூலியாளின் அனுபவத்தை எவரும் கேட்டிலர். பெண்களின் கையில் நாற்றும் களையும் இருந்தன. கூட்டத்தில் இடம் இருக்கவில்லை. முதுமைக்கு மரியாதை என்று நாம் சொல்வது பல வேளைகளிற் காணிக்கு மரியாதையாகவே இருந்தது.

தந்தையின்றி வந்த மைந்தர்

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்தியது. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில், யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்குடன், கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாக் காய்ச்சலின் அச்சம் அப்பொழுதும் நீங்கவில்லை. 1946இன் பின்னர் டி.டி.ரீ. மருந்து தெளிக்கப்பட்ட பின்பே காட்டோரத்துக் குடியிருப்பு ஓரளவு அச்சமற்றதாயிற்று.

இக்குடியேற்றத்தில் ஒரு புதுமை உண்டு. மகன் வந்தான், தந்தை வரவில்லை. கிணற்று நீரில் தோட்டம் செய்யப் பழகிய கைகள் குளத்து நீருக்கும் துருசுக்கும் வாய்க்கால் முறைக்கும் புதியனவாயிருந்தன. தந்தையிடம் கற்றது இங்கே பாதியே பயன்பட்டது. மற்றப் பாதியைப் பழைய வன்னிக் கிராமத்தாரிடமும் நீர்ப்பாசனத் திணைக்களத்து ஊழியரிடமும் கற்கவேண்டியதாயிற்று. தலைமுறை அறிவு இரத்த உறவின் வழியே மட்டும் இறங்குவதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் மற்றுமொரு திருப்பம். பிலிப் குணவர்த்தனா விவசாய அமைச்சராயிருந்து நிறைவேற்றிய அச்சட்டத்தால் விதானைப் பதவி நீங்கி, பயிர்ச்செய்கையாளர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழு அவ்விடத்தைப் பெற்றது. வயதாலும் குடும்பத்தாலும் வந்த அதிகாரம் வாக்குக்கு மாறியது. இளையோன் ஒருவனும் இனிக் குழுவில் அமரலாம். இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் அதிகாரத்தை ஒரே நாளில் சட்டத்தால் மாற்றலாம். அனுபவத்தை அங்ஙனம் மாற்ற இயலாது. பதவி நீங்கிய முதியவரிடம் போய், “எந்த வாய்க்காலில் எந்த மாதம் மண் அடைக்கும்?” என்று கேட்டறிந்த குழுவே நன்கு நடக்க வல்லது.

படித்த வாலிபர்

1816இல் அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி எழுந்தது. மிசன் பாடசாலைகள் எமக்குக் கண்ணைத் திறந்தன. அவ்வழிப் பள்ளியொன்றிற் பயின்ற நாம் அதனை நன்றியுடன் கூறுகின்றோம். எனினும் படித்தவன் மேசையிலும் படியாதவன் வயலிலும் இருப்பான் என்றதோர் எண்ணமும் அக்கல்வியோடு வளர்ந்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எம்மவர் உத்தியோகத்தையே நோக்கினர். உத்தியோகக் கதவு ஒடுங்கியபோது படித்த வாலிபர் வழியறியாது திகைத்தனர்.

இந்நிலையிலேதான் 1960களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் வாலிபர் காடு வெட்டிக் காணி திருத்தினர். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கொண்டு மேட்டுநிலத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திற் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்ல விலை பெற்றன. கமம் செய்தும் மதிப்புடன் வாழலாம் என்பதை அத்தலைமுறை நிலைநாட்டியது. மருந்து, உரம், இயந்திரம் ஆகியவற்றின் கணக்கு இளையோரிடம் இருந்தது. மண், மழை, மிருகம் ஆகியவற்றின் அறிவு அயலூர் முதியோரிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தே மிளகாய் சிவந்தது.

1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை சரிந்தது. அதே ஆண்டின் இனக்கலவரத்தால் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டோர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். உழைப்பிற் பழுத்த முதியோர் அவர்களிடையே பலர். அவர்களுட் பலருக்கு நெடுங்காலம் சொந்தக் காணி கிடைத்திலது; கூலி வேலையே கிடைத்தது. எமது வரலாற்றின் இப்பக்கத்தையும் மறைத்தல் தகாது.

அறுந்த நூல்

பின் வந்த போரைப்பற்றி ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இம்மலரை வாசிப்போர் அதனைத் தாங்கியோரே. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் கமத்துக்கு உண்டான இழப்புக்களில் ஒன்றை மட்டும் சுட்டுவோம். உழவு இயந்திரம் போனால் வேறொன்று வாங்கலாம். ஆனால் தந்தை பின்னே மைந்தன் வரம்பில் நடக்கவேண்டிய போகங்கள் பல வெறுமனே கழிந்தன. கற்பிக்க வேண்டியோர் பலர் இறந்தனர். கற்க வேண்டியோர் முகாமில் இருந்தனர். எம்மொத்த வயதினரிற் பலர் குளக்கட்டை முதன்முதல் அறிந்தது மீள்குடியேற்றத்தின் பின்னரேயாம். பல வீடுகளில் தாயொருத்தியே தனித்து நின்று கமத்தையும் நடத்தினாள்.

அதன் பின்னர் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் எமக்குப் பாடமாகத் தக்கவை. 2018 மார்கழியிற் பெருமழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. திருத்தி உயர்த்தப்பட்ட குளத்துக்குப் பழைய நீர்மட்ட அடையாளம் மட்டும் போதாது. மழைமானியும் வானிலை அறிவிப்பும் வேண்டும். வெள்ளம் எந்த வழியாற் பாயும், எந்த ஊர் முதலில் மூழ்கும் என்பதைச் சொல்ல முதியோர் நினைவும் வேண்டும்.

இரண்டாவது, 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டமை. அப்பொழுது, “முன்னோர் உரமின்றி விளைவிக்கவில்லையா?” என்று பலர் கேட்டனர். விளைவித்தனர், ஆயின் அவர் விதைத்தவை மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் போன்ற பழைய நெல்லினங்கள். இன்று விதைக்கப்படுவன 1950களின் பின்னர் ஆராய்ச்சி நிலையங்களில் உரத்துக்கு ஏற்ப உருவாக்கப்பட்டவை. முதியோர் பழைய முறையை அறிவர். அது புதிய விதைக்கு முற்றும் பொருந்தாது. இளையோர் புதிய விதையை அறிவர். உரமின்றி நிலத்தைப் பேணும் வழி அறியார். விளைச்சல் வீழ்ந்தது. ஆண்டு முடியுமுன் தடை தளர்த்தப்பட்டது. பாதி அறிவு இரண்டும் தனித்தனியே நின்றால் முழு அறிவு ஆகாது என்பதை அப்போகம் எமக்குக் காட்டியது.

கடல் கடந்த பாலித் தீவிலும் இத்தகையதொரு கதை உண்டு. அங்குள்ள இந்துக்கள் ‘சுபக்’ என்னும் நீர்ச்சங்கங்களில் ஒன்றுகூடி, நீர்க்கோயிலின் முறைப்படி எந்த வயல் எப்பொழுது விதைப்பது என்று முடிவு செய்வர். 1970களில் அரசாங்கம் இயன்றமட்டும் இடைவிடாது நெல் விதைக்கும்படி ஏவியது. நீர்முறை குழம்பியது, பூச்சிகள் பெருகின. பின்னர் ஸ்டீபன் லான்சிங் என்னும் அறிஞர் கணினியிற் கணக்கிட்டு, முதியோர் காத்த பழைய முறையே சிறந்த விளைவுக்கு மிக அண்மையது என்று காட்டினார். முதியோர் முறையின் உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியது இளைய தலைமுறையின் கருவியே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நமது கடமை

இன்று 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமக்காரர் அமைப்புக்கள் இயங்குகின்றன. சிறுபோகத்தில் எவ்வளவு நிலம் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது என்பன பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகின்றன. அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் உள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அறிவு குளக்கட்டின் அருகிலேயே வந்துவிட்டது. ஆயினும் கூட்டத்துக்குச் செல்லும் முதியவரும் விரிவுரைக்குச் செல்லும் வாலிபனும் ஒரே வீதியிற் போயும் ஒருவரையொருவர் அறியாதிருப்பின் யாது பயன்?

வாலிபரே! அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு உங்கள் ஊர் முதியவர் ஒருவருடன் செல்லுங்கள். நடந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாய்க்கால்களின் ஊர்ப் பெயர்களையும், வெள்ளம் வந்த வழிகளையும், பழைய நெல்லினங்களையும் அவர் சொல்லக் கேட்டுப் பதியுங்கள். கூலிக்கு உழைத்த முதியவரிடமும், கமம் நடத்திய தாய்மாரிடமும் தவறாது கேளுங்கள். பெரியோர்களே! இளையோன் கேட்கும் கேள்வியை எதிர்ப்பேச்சென்று கருதாதீர்கள். அவன் கொண்டுவரும் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். அமைப்பின் பொறுப்புக்களில் ஒன்றையேனும் நீங்கள் வலுவோடு இருக்கும்போதே அவன் கையில் ஒப்படையுங்கள். அருகில் நின்று திருத்துவதற்கு அப்பொழுதுதான் இயலும்.

ஒரு போகம் தவறினால் மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். ஒரு தலைமுறை கேளாமற் போனதை மறுதலைமுறை கேட்க விரும்பினும் சொல்வதற்கு ஆள் இராது. அறுந்த நூலின் இரு முனைகளும் இன்னும் எம் கண்முன்னே உள்ளன. முடிச்சிடும் வேலை இப்போகத்திலேயே தொடங்குவதாக.