வண்டலூர் ஹெரால்டும் குற்றாலச் சாரலும்: ஒரு புஷ்ஷின் கதை

ஸ்டாண்டர்டு ஹெரால்டை யாரும் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்ல மாட்டாங்க. சென்னை வண்டலூர் பக்கம் 1961 முதல் தயாரான சாதுவான குடும்பக் கார் அது. ஆனா அதோட ரத்த சொந்தம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் பிறந்தது. இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. முன்பக்க சஸ்பென்ஷனும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனாலதான் இன்னிக்குத் தென்காசியில் ஹெரால்டு வச்சிருக்கிறவரும், ஸ்பிட்ஃபயருக்கென்று விற்கிற பாலியூரித்தேன் புஷ்ஷை வாங்கலாமான்னு யோசிக்க முடியுது. (மார்க் 3 வச்சிருந்தா, அளந்து பார்த்துட்டு வாங்குங்க.)

அந்தக் காலத்துப் புஷ், இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டவச்ச ரப்பர். கை ஏறி இறங்கும்போது ரப்பர் தனக்குள்ளேயே முறுக்கிக்கும். உரசல் இல்லை, கிரீஸ் வேண்டாம், சத்தமும் வராது. வண்டி தரையில் நிக்கும்போதுதான் போல்ட்டை முறுக்கணும். ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினா ரப்பர் சீக்கிரம் கிழியும். எண்ணெயும் ஓசோனும் அதுக்கு எதிரி.

ரப்பருக்கு இந்த ஊர் அந்நியமில்லை. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. கணவாயைத் தாண்டினால் ரப்பர் தோட்டங்கள். புனலூரில், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் குடியமர்த்த 1976இல் தொடங்கிய அரசு நிறுவனமும் ரப்பர் தோட்டம்தான் போட்டது.

பாலியூரித்தேன் வேற வம்சம். 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழு கண்டுபிடிச்ச வேதியியல். ரப்பர் புஷ் ஷோர் ஏ அளவில் 60ஐ ஒட்டி இருக்கும். சாலைக்கான பாலி 70, 80களில். பந்தயத்துக்கு 90க்கு மேல். இது முறுக்கிக்காது, உள்குழாய் மேல சுழலும். அதனால சிலிக்கோன் கிரீஸ் வேணும். அது காய்ஞ்சா கீச்சுகீச்சுன்னு கத்தும். நிறத்தைப் பார்த்து கடினத்தை முடிவு பண்ணாதீங்க, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

குற்றாலத்தில் பார்க்க வேண்டியது கடினத்தை விட வேதியியலைத்தான். பாலியூரித்தேனில் எஸ்டர், ஈதர்னு இரண்டு வகை. எஸ்டர் வகைக்கு எண்ணெய் ஒண்ணும் பண்ணாது, ஆனா ஈரம் வருஷக்கணக்கில் அதை அறுத்து, பிசுபிசுன்னு ஆக்கி உதிர்த்துடும். ஈதர் வகை தண்ணீரைத் தாங்கும். ஜூன் முதல் சாரலில் நனையுற வண்டிக்கு எதுன்னு கேட்டுத்தான் வாங்கணும்.

என் தேர்வு இது: புளியரை வளைவுகளில் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் அலையாம இருக்க, கீழ் விஷ்போனுக்கு 80ஐ ஒட்டிய ஈதர் பாலி. பின்பக்க ரேடியஸ் ஆர்முக்கு மட்டும் ரப்பரையே விட்டுடுங்க. ஹெரால்டின் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது சாயவும் செய்யும். அந்தப் புஷ் இரண்டு திசையிலும் திருகணும். கடினமான பாலியில் அது இறுகிப் பிடிச்சுக்கும்.