நண்டுக் கூண்டில் ஒரு வேதியியல் கூடம்

நீரிலேயே வாழும் உயிர்கள் மூச்சுத் திணறி இறக்கக் கூடுமா? கூடும். 2002ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓரிகன் மாநிலத்தில் இது நிகழ்ந்தது. டஞ்சனெஸ் என்னும் பெரிய வகை நண்டைப் பிடிக்கும் மீனவர்கள், கடலடியில் இட்டிருந்த கூண்டுகளை இழுத்தபோது உள்ளே செத்த நண்டுகளைக் கண்டனர். நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் குறைந்துபோனதே காரணம். மீன்கள் நீந்தித் தப்பலாம்; கூண்டில் அகப்பட்ட நண்டு எங்கே போகும்?

ஆக்சிஜன் ஏன் குறைந்தது? அங்கே கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும். புவியின் சுழற்சியால் மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலகும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறிவரும். அதில் உப்புச்சத்துகள் மிகுதி, ஆக்சிஜன் குறைவு. அச்சத்துகளை உண்டு நுண்பாசிகள் பெருகுகின்றன. அவை மடிந்து அடியில் படியும்போது, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் எஞ்சிய ஆக்சிஜனையும் செலவழித்து விடுகின்றன. 10 பாகை செல்சியசில் காற்றோடு நன்கு கலந்த ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 6 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். அது 1.4 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் ஆபத்து எனக் கொள்வர். 2006இல் அக்கரையோரத்தின் சில இடங்களில் அது அறவே இல்லாமற் போயிற்று. முந்தைய 50 ஆண்டுக் குறிப்புகளில் அப்படி ஒரு பதிவு இல்லை.

இதை எவ்வாறு கண்காணிப்பது? ஆய்வுக் கப்பலுக்குச் செலவு மிகுதி. அது ஆண்டில் சில நாட்களே ஓரிடத்தில் நிற்கும். தொழில் செய்யும் கப்பல்களையே துணைக்கு அழைக்கும் எண்ணம் புதியதன்று. 1931இல் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் அலிஸ்டர் ஹார்டி, மிதவை உயிரிகளைப் பட்டுத் துணியில் சேகரிக்கும் ஒரு கருவியை வணிகக் கப்பல்களின் பின்னே கட்டி வடகடலில் இழுக்கச் செய்தார். மாலுமிகள் அதை இறக்கி ஏற்றினாற் போதும். அறிஞர் உடன் செல்லத் தேவையில்லை. அந்த ஆய்வு இன்றும் தொடர்கிறது.

ஆனால், ஆக்சிஜனை அளப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1888இல் ஹங்கேரி நாட்டு வேதியியலார் லயோஷ் விங்க்ளர் ஒரு முறையை வெளியிட்டார். நீரில் மாங்கனீசு உப்பும், அயோடைடு கலந்த காரமும் சேர்த்தால், ஆக்சிஜன் பழுப்பு வீழ்படிவாகப் பிடிபடும். அமிலம் சேர்த்ததும் அயோடின் வெளிப்படும். பிறகு சோடியம் தயோசல்பேட்டைக் கொண்டு தரம் பார்க்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், ஆடும் படகில் அது நடக்கிற காரியமா என்று! 1950களில் லேலண்ட் கிளார்க், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்க ஒரு மின்முனையை அமைத்தார். அது வேலை செய்யும்போதே ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆதலால் நீர் அதன்மீது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தீர்வு இயற்பியலிலிருந்து வந்தது. ஒரு சாயப் படலத்தின் மீது நீல ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறுகள் மோதினால், சாயம் பெற்ற ஆற்றலை அவை கவர்ந்து கொள்ளும். ஒளிர்வு விரைவில் மங்கும். மங்கும் நேரத்தை அளந்தால் ஆக்சிஜனின் அளவு கிடைக்கும். இத்தணிப்பின் விதியை ஸ்டெர்ன், வோல்மர் இருவரும் 1919இலேயே தந்திருந்தனர். இக்கருவி ஆக்சிஜனைச் செலவழிப்பதில்லை. நண்டுக் கூண்டிற்குள்ளேயே கட்டிவிடலாம்.

ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக அறிஞர்கள் இத்தகைய கருவிகளை மீனவர்களிடம் கொடுத்தனர். கூண்டு நீருக்குள் இருக்கும்வரை கருவி வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் பதிந்துகொண்டிருக்கும். கூண்டு மேலே வந்ததும் பதிவுகளைப் பெறலாம். குறைகளும் உண்டு. மீனவர் கூண்டு இடும் இடத்தில் மட்டுமே அளவு கிடைக்கும். பாசி படிந்தால் அளவு பிழைபடும். அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். தாம் நண்டு பிடிக்கும் இடத்தை எந்த மீனவர்தாம் பிறருக்குச் சொல்வார்? ஆகவே, அவர்கள் நம்பிக்கையைக் காப்பதும் ஆய்வின் ஒரு பகுதியாகிறது.

கடல் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே இத்தகைய கோடைகள் இன்னும் வரும். எந்தப் பகுதியில் மூச்சு முட்டுகிறது என்பது முன்னதாகத் தெரிந்தால், மீனவர் தம் கூண்டுகளை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். 2002இல் செத்த நண்டுகளை முதலில் கண்டவர்கள் கூண்டை இழுத்தவர்களே. அக்கைகளில் இப்போது ஓர் அளவுகருவியும் இருக்கிறது.