கறுப்பர் நகரம் என்னும் பெயர்

சென்னையில் பாரிமுனைக்கு வடக்கே முத்தியாலுப்பேட்டை, பெத்துநாய்க்கன்பேட்டை என்று நெருங்கிக் கிடக்கும் வர்த்தக வட்டாரத்திற்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய 1911ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அது பிளாக் டவுன், அதாவது கறுப்பர் நகரம். அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரைச் சென்னப்பட்டணம் என்றே வழங்கினார்கள். நிறத்தைக் கொண்டு ஊருக்குப் பெயரிடும் வழக்கம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கோட்டைக்குள் பிறந்து வெளியே வந்ததாகும்.

கோட்டைக்குள்ளும் அது ஆதியிலிருந்தே இருந்ததன்று. 1639இல் இந்த மணற்பரப்பைப் பெற்ற கும்பினியார், அந்த நூற்றாண்டில் தாங்கள் குடியிருந்த பகுதியைக் கிறிஸ்தவர் நகரம் என்று குறித்து வந்தார்கள். வெள்ளையர் நகரம் என்பது அடுத்த நூற்றாண்டு பிறந்த காலத்தில்தான் நிலைத்தது. இம்மாற்றம் என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. மதத்தை ஒருவன் ஏற்கலாம், விடலாம். ஞானஸ்நானம் பெற்ற தமிழனும் கிறிஸ்தவர் நகரத்தில் பாத்தியதை கோரக்கூடும். நிறமே பெயராகிவிட்டபின் எந்த மனுவுக்கும் அங்கே இடமில்லை.

ஆயினும் கறுப்பரென்று ஒரே சொல்லால் அடக்கப்பட்ட நம்மவர் அச்சொல்லுக்குள் சமமாக வாழவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எந்தத் தெரு யாருக்கு உரியது என்பதற்காக வலங்கை, இடங்கை என்னும் இரு ஜாதிப் பிரிவினரும் 1652இலும் 1707இலும் கலகம் விளைவித்தார்கள். அவ்விரு சாராரின் தெருக்களுக்கும் அப்பால், ஊரின் விளிம்பில், பறைச்சேரி தனியே கிடந்தது.

பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை 1759இல் நீங்கியபின், கோட்டையின் பீரங்கிகளுக்குத் திறந்த வெளி வேண்டுமென்று பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட, குடிகள் வடக்கே நகர்ந்தார்கள். புதிய நகரத்தைச் சுற்றி ஒரு மதிலும் எழுந்தது. அம்மதிலின் செலவைக் குடிகளிடமே வரியாகப் பெறும் யோசனை, சட்டம் இடங்கொடுக்குமோ என்ற ஐயத்தால் கைவிடப்பட்டது. வராத வரியின் பெயரை வால்டாக்ஸ் ரோடு இன்றளவும் சுமக்கிறது. மதிலின் ஒரு துண்டை இராயபுரத்துக்கு அருகே மாடிப் பூங்காவில் இப்போதும் காணலாம்.

பெயர் 1911இல் மாறியபோது மதிலில் பெரும்பகுதி ஏற்கெனவே மறைந்திருந்தது. ஆனால் அதன் வடபுறத்தே, இராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்தின் சரக்கும் ஆலைகளின் புகையும் வந்து சேர்ந்தன. உழைப்பவர் குடியிருப்பும் நகரத்தின் கழிவும் ஒரே திசைக்கு அனுப்பப்பட்டன. வடசென்னை என்பது வெறும் திசைப்பெயர்தான். அதில் நிறமுமில்லை, ஜாதியுமில்லை. எனினும் தண்டையார்ப்பேட்டை என்றோ காசிமேடு என்றோ விலாசம் சொன்னவுடன் எதிரிலிருப்பவர் குரல் மாறுவதை, வேலை தேடியும் வாடகை வீடு தேடியும் தெற்கே சென்ற நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள்.

துறைமுகத்து நிலக்கரித் தூசி இராயபுரத்து மொட்டைமாடிகளில் உலர்த்திய வேட்டியையும் குழந்தைத் துணியையும் மாலைக்குள் சாம்பல் நிறமாக்கியது; கொடியிலிருந்து எடுத்ததை மறுபடி அலசுவது பெண்களுக்குத் தினசரி வேலையாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் தலையிட, நிலக்கரியும் இரும்புத் தாதும் அங்கிருந்து அகற்றப்பட்டன. அகற்றிச் சேர்த்த இடமோ இன்னும் வடக்கே, எண்ணூர்த் துறைமுகம்! அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே கொசஸ்தலையாற்றைத் தூர்த்துக்கொண்டிருந்த ஊர் அது. 2023 டிசம்பரில், வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் அங்கே மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அம்மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்த ஆலையை மூடவேண்டுமென்று சுற்றுவட்டார மீனவ கிராமத்தார் வாரக்கணக்கில் பந்தலிட்டு அமர்ந்தார்கள்.