வீட்டு ஒலிப்பதிவும் சிறிய மிக்சரும் - போடி மலையடிவாரத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

போடிநாயக்கனூரில் மிக்சர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பலகாரக் கடையைத்தான் கை காட்டுவார்கள். இங்கே சொல்ல வருவது பாட்டுக்கான மிக்சர். பல மைக்குகளிலிருந்து வரும் ஒலியை அளவாகச் சேர்த்து, ஒன்றாக்கி வெளியே அனுப்பும் கருவி இது. தமிழில் ஒலிக்கலவைக் கருவி எனலாம். ஒரு காலத்தில் பெரிய பதிவுக்கூடங்களில் மட்டுமே இருந்த இக்கருவி, இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. அது வந்த வழியை அறிந்தால், எதை வாங்குவது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

ஒற்றை மைக் காலம்

1902-ஆம் ஆண்டில் கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகர்களைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். 1925-இல் மின்சார முறைப் பதிவு வந்தபின் மைக் புழக்கத்திற்கு வந்தது.

அப்போதும் ஒரே மைக்கைச் சுற்றியே பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் அமர்வது வழக்கமாக இருந்தது. குரல் எடுப்பாகக் கேட்க வேண்டுமென்றால் பாடகர் அருகில் இருப்பார். தாளக் கருவி ஓங்கிக் கேட்டால், வாசிப்பவர் தள்ளி உட்காருவார். அதாவது, ஆட்களை நகர்த்துவதே அன்றைய கலவை.

மலையேறிய பாட்டு

நம் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்தவர் பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைகளில் ஆர்மோனியத்துடன் பாடியவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. போடிமெட்டைத் தாண்டினால் வருவது அந்தப் பகுதி. அங்கே தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் அங்கே பாடினார். ரோசம்மா வெற்றி பெற்றார்.

அண்ணனுடன் மேடைகளில் வளர்ந்த தம்பி இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். பாட்டு இந்த மலையடிவாரத்தில் பிறந்திருந்தாலும், அதைப் பதிவு செய்யும் கூடம் சென்னையில்தான் இருந்தது. பாடகர், வயலின் குழு, தபேலா என்று ஒவ்வொன்றுக்கும் தனி மைக் வைத்து, அனைத்தையும் ஒரு பெரிய பலகையில் சேர்க்கும் வசதி அங்கேதான் உண்டு. தோட்டத்தில் பாடிய பெண்களின் குரலைத் தேடிக்கொண்டு அந்தப் பலகை மலையேறி வரவில்லை.

வீட்டுக்குள் வந்த கதை

1979-இல் ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிய இது உதவியது. சிறிய மிக்சரும் அதிலேயே இருந்தது. 1982-இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இசைத்தொகுப்பு, அவர் வீட்டுப் படுக்கையறையில் இந்தக் கருவியில் பதிவானதே.

தமிழிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் வந்த 'ரோஜா'வின் இசை அங்கே உருவானது. அது எளிய செலவில் அமைந்த கூடமன்று. ஆனாலும் வீட்டிலிருந்தே இசையை உருவாக்கலாம் என்ற நம்பிக்கையை அது பலருக்குத் தந்தது.

விலை குறைந்தது அதன் பிறகுதான். 1989-இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட பெரிங்கர் போன்ற நிறுவனங்கள், சிறிய மிக்சர்களைச் சீனாவில் பெருமளவில் தயாரித்து மலிவாக விற்றன. பின்னர் யூஎஸ்பி கம்பி மூலம் கணினியுடன் இணையும் வகைகளும் வந்தன.

வாங்குமுன் அறிய வேண்டியவை

முதலாவது, மைக் நுழைவாயில்களின் எண்ணிக்கை. மைக்கிலிருந்து வரும் மின்னலை மிகச் சிறியது. அதைப் பல மடங்கு பெருக்கும் முன்பெருக்கி ஒவ்வொரு மைக்குக்கும் தேவை. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் அதைக் குறிப்பதன்று. பெரிங்கர் செனிக்ஸ் 802-இல் எட்டு நுழைவுகள் உண்டு. மைக்குக்கு உரியவை இரண்டே. யமஹா எம்ஜி10 வகையில் பத்துக்கு நான்கு.

இரண்டாவது, 48 வோல்ட் மின்னூட்டம். கண்டென்சர் மைக்குகளுக்கு இது வேண்டும். 1966-இல் நார்வே வானொலிக்காக நியூமன் நிறுவனம் ஒரு மைக்கைச் செய்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்கென இருந்த 48 வோல்ட் மின்சாரத்தையே பயன்படுத்தியது. அதுவே உலகின் வழக்கமாயிற்று. மேடையில் பயன்படும் டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை.

மூன்றாவது, கணினிக்குப் போகும் தடங்கள். மலிவான யூஎஸ்பி மிக்சர்களில் பெரும்பாலானவை எத்தனை மைக் இருந்தாலும் இடம், வலம் என்று இரண்டு தடங்களையே அனுப்பும். கலந்தபின் பிரிப்பது கடினம். பாலில் கலந்த தண்ணீரைப் போலத்தான்.

ஒருவர் மட்டும் பாடிப் பதிவதானால் மிக்சரே தேவையில்லை. இரண்டு மைக் நுழைவாயில் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும்.

என் பிழை

ஓய்வு பெற்றபின், போடியிலிருந்து அதிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்களின் பாடல்களைப் பதிய ஆசைப்பட்டேன். எட்டு என்ற எண்ணைப் பார்த்து ஒரு மிக்சர் வாங்கினேன். மூன்று பெண்களும் ஓர் உறுமிக்காரரும் வந்தபோதுதான் மைக் செருக இரண்டே துளை இருப்பதைக் கவனித்தேன். ஒரு மைக்கை உறுமிக்கும் மற்றொன்றை மூவருக்கும் வைத்தேன். வீட்டில் கேட்டபோது உறுமிதான் முழங்கியது. எழுபதைக் கடந்த அம்மா பாடிய ஒப்பாரி அடியில் புதைந்து கிடந்தது. அந்த ஒப்பாரி முழுவதும் தெரிந்தவர் அவர் ஒருவரே.

"அடுத்த காயெடுப்பு முடியட்டும் வாத்தியாரே, இன்னொரு தரம் பாடுறேன்" என்றார். அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

அந்த மிக்சரிலேயே ஒரு வழி இருந்தது. பான் என்ற திருகை ஒரு மைக்குக்கு முழுக்க இடப்பக்கமும் மற்றதற்கு முழுக்க வலப்பக்கமும் திருப்பியிருந்தால், குரலும் உறுமியும் தனித்தனித் தடங்களாகக் கணினியில் பதிந்திருக்கும். குரல் மைக்கில் புகும் உறுமியொலியைக் குறைக்க, உறுமிக்காரரைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தாலே போதும். நூறாண்டுக்கு முன் ஒற்றை மைக் வைத்துப் பதிந்தவர்கள் செய்ததும் அதுவே.

முடிவுரை

பலகை இப்போது மலையேறி வந்துவிட்டது. வாங்குமுன் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடப்போகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். அத்தனை மைக் நுழைவாயில்கள் உள்ளதா என்று பாருங்கள். வாங்கியபின் நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஒருமுறை பதிந்து, கேட்டுப் பாருங்கள். பெரியவர்களை அதன் பிறகே அழையுங்கள். அவர்களை இரண்டாம் முறை பாடவைக்க நமக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.