அரக்கோணம் – காஞ்சிபுரம் – செங்கல்பட்டு கிளைப்பாதையின் தொடக்க காலம்

அரக்கோணத்தில் பிரிந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டை அடையும் ரயில் பாதை சுமார் 63 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் இரு பாதிகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அகலத்தில் போடப்பட்டவை. வடபாதியில் 1865-இலேயே ரயில் ஓடியது; செங்கல்பட்டுக்கு அப்போது ரயிலே இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரிய ஊரான காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது மாவட்டத்தின் பெயர் தாங்கிய ஊர் வழியாக அல்ல, அரக்கோணம் வழியாகத்தான்.

தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட அந்த அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர் அகலத்தில், அரக்கோணம் வழியே சென்றது. கோயில்களும் தறிகளும் நிறைந்த காஞ்சிபுரம் அதற்குத் தெற்கே ஒதுங்கி நின்றது. இந்த இடைவெளியை நிரப்ப வந்தது இந்தியன் டிராம்வே கம்பெனி. பெயரில் டிராம் இருந்தாலும் அது ஓட்டியது நீராவி ரயில்தான். பெரிய கம்பெனிகளுக்கு முதலீட்டின் மேல் ஐந்து சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம் தந்த காலம் அது. இந்தக் கம்பெனி அந்த உத்தரவாதம் இல்லாமலே களத்தில் இறங்கியது. ஆகவே, செலவைக் குறைத்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது.

அதற்குக் கண்ட வழி பாதையைக் குறுக்குவது. 1,067 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அடி அகலத்தில் தண்டவாளம் போடப்பட்டது. அகலம் குறைந்தால் மண்வேலையும் பாலமும் எஞ்சினும் பெட்டியும் எல்லாமே சிறுத்துவிடும். நார்வே 1862-இல் இதே அளவைக் கையாண்டிருந்தது; ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 1865-இல் இதே அளவில் தன் முதல் ரயிலை விட்டது. பொறியாளர் சர் சார்லஸ் ஃபாக்ஸ் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கண்ணாடி மாளிகையைக் கட்டியவர். அவருடைய நிறுவனம் காஞ்சிபுரம், குயின்ஸ்லாந்து இரண்டின் பணியிலும் ஈடுபட்டிருந்தது. பரோடா சமஸ்தானத்தில் இதைவிடக் குறுகிய பாதை ஒன்று முன்பே இருந்தது. ஆனால், தொடக்கத்தில் அங்கே வண்டிகளை இழுத்தவை மாடுகள்.

சிக்கனத்துக்கு விலை அரக்கோணத்தில் கொடுக்கப்பட்டது. இரு பாதைகளின் அகலமும் வேறாக இருந்ததால் ஒரு பெட்டிகூட நேரே கடந்து போக முடியாது. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு இந்தச் சுமைகூலி அதிகம். கட்டைவண்டிக்கே சாதகமான கணக்கு இது. கம்பெனி பின்னர் கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, நாகப்பட்டினம் – திருச்சிப் பாதையை நடத்திவந்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோடு இணைந்தது. 1874-இல் அந்த இணைப்பு சவுத் இந்தியன் ரயில்வே என்ற பெயரைப் பெற்றது.

இதற்குள் 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, சிக்கனப் பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் என்று முடிவு செய்துவிட்டது. மூன்றரை அடிப் பாதை அநாதையானது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம் வரை 1876-இல் வந்த தெற்குப் பாதையும் மீட்டர்கேஜ்தான். 1870-களின் இறுதியில் காஞ்சிபுரம் பாதையும் அந்த அளவுக்கு மாற்றப்பட்டது. 1880-களின் தொடக்கத்தில் வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் வழியாகப் பாலாற்றின் வடகரையை ஒட்டிச் செங்கல்பட்டு வரை அது நீண்டது. முட்டுச்சந்தாக இருந்த பாதை, தெற்கிலிருந்து வரும் சரக்கு சென்னைக்குள் நுழையாமலே அரக்கோணம் போகும் குறுக்குவழியாயிற்று. சுமை மாற்றும் வேலை மட்டும் அரக்கோணத்தில் தொடர்ந்தது.

மாவட்டத்தின் கிழக்குக் கரைக்கு இதனால் பயன் இல்லை. கோவளம் போன்ற உப்பள ஊர்களின் சரக்கு பக்கிங்காம் கால்வாயில் படகேறியே சென்னை போனது. 1877–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பகுதி, தென்பகுதிக் கால்வாயை வடபகுதியோடு சேர்த்தது. படகு மலிவாகக் கிடைத்த கரையில் ரயில் போட எந்தக் கம்பெனிக்கும் அவசரம் இருக்கவில்லை. கோவளத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை.

1931-இல் சென்னை கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது தாம்பரத்தோடு நின்றது. காஞ்சிபுரம் கிளை நீராவியிலேயே தொடர்ந்தது. புறநகர் மின்சார ரயில் அதை எட்டியது, மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்த பிறகே.