அடுப்புக்குப் பின்னால் ஒரு சுவர்

சமையலறைச் சுவருக்கு ஓடு வாங்க வருகிறவர்களைக் கடைக்காரர்கள் தூரத்திலேயே இனம் கண்டுகொள்வார்கள் என்று நினைக்கிறேன். புருஷன் விலையைக் கேட்பார். மனைவி நிறத்தைப் பார்ப்பாள். கூட வந்த மேஸ்திரி தமக்குப் பழக்கமான ஒரு தினுசைச் சுட்டிக்காட்டி, "இப்ப எல்லாரும் இதைத்தாங்க போடறாங்க" என்பார். கடைசியில் மேஸ்திரி காட்டிய ஓடுதான் வண்டியில் ஏறும். அதன் பிறகு இருபது முப்பது வருஷம், நாள் தவறாமல் மூன்று வேளையும், அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறவள் ஒருத்திதான். தாளிக்கும்போது கடுகு வெடித்துத் தெறிப்பது அந்தச் சுவரில். அதைத் துடைப்பதும் அவள் கை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வேடிக்கை அல்ல. அடுப்புக்குப் பின்னால் மெருகேற்றிய ஓட்டைப் பதிக்கும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் ஏறக்குறைய நானூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஓட்டைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதன் எதிரே நின்றவர் வேறொருவர் என்பது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அரசர், பாதிரியார், ஓவியர், இன்ஜினீயர் எல்லாரும் அந்தச் சுவரைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தார்கள்.

ஹாலந்திலிருந்து தொடங்குவோம். வித்தை என்னவோ ஹாலந்துக்காரர்களுடையது அல்ல. வெள்ளீயம் கலந்த பூச்சைச் சாதாரணக் களிமண்ணின் மேல் ஏற்றிச் சுட்டால் அது சீனத்துப் பீங்கானைப்போல் வெளுத்துவிடும் என்ற ரகசியத்தை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஈராக் தேசத்துக் குயவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். அது முஸ்லிம்களோடு ஸ்பெயினுக்குப் போயிற்று, அங்கிருந்து இத்தாலிக்கு, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீடோ என்ற இத்தாலியக் குயவர் ஆண்ட்வெர்ப் நகரத்தில் குடியேறியபோது அவரோடு வடக்கே வந்தது. 1585-ல் ஸ்பானியப் படைகள் ஆண்ட்வெர்ப்பைப் பிடித்தன. புராட்டஸ்டண்டுகளான கைவினைஞர் பலர் சூளைகளை அப்படியே விட்டுவிட்டு ஹாலந்துக்கு ஓடினார்கள். சூளையைத்தான் விட்டுவிட முடியும். வித்தை கையோடு போய்விட்டது.

ஆரம்பத்தில் இந்த ஓடுகளில் பச்சை, மஞ்சள், செம்மண் நிறம் எல்லாம் இருந்தன. 1602-லும் 1603-லும் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரின் இரண்டு பெரிய கப்பல்களைப் பிடித்தார்கள். ஒன்று செயின்ட் ஹெலினாவுக்கு அருகில், மற்றொன்று சிங்கப்பூர்க் கடலில். உள்ளே இருந்த சீனப் பீங்கானைக் கொண்டுபோய் ஏலம் போட்டார்கள். வெள்ளையில் நீலம் தீட்டிய அந்தப் பாத்திரங்களைப் பார்த்ததும் பணக்காரர்களுக்கு நீலப் பித்துப் பிடித்துவிட்டது. பாத்திரம் வாங்க வகையில்லாதவர்களுக்கு அதே நீலத்தை ஓட்டில் கொடுத்தார்கள் குயவர்கள். டெல்ப்ட் ஓடு என்று உலகம் அதற்குப் பெயர் வைத்துவிட்டது. ஆனால் பெரும்பாலான ஓடுகள் ராட்டர்டாம், உட்ரெக்ட், ஹார்லிங்கன் முதலிய ஊர்களில் செய்தவை. காஞ்சிபுரம் பட்டு என்று விற்பதெல்லாம் காஞ்சிபுரத்துத் தறியிலா நெய்தது?

ஓடு செய்யும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். களிமண்ணைச் சப்பாத்தி மாவுபோல் தேய்த்து, அதன்மேல் ஒரு சதுரப் பலகையை வைத்து, விளிம்பை ஒட்டிக் கத்தியால் அறுப்பார்கள். பலகை நகராமலிருக்க அதன் மூலைகளில் சின்ன ஆணிகள் உண்டு. பழைய ஓடுகளின் மூலைகளில் ஊசி குத்தியதுபோல் இன்றும் தெரியும் தழும்பு அந்த ஆணிகள் பட்டதுதான். ஒரு சாண் கூடக் கிடையாது, ஐந்து அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் ஒரு ஓடு. அதை உலர்த்தி ஒருமுறை சுட்டு, வெள்ளீயப் பூச்சைக் கொடுத்தால் மேலே மாவு பூசியதுபோல் வறண்டு நிற்கும். நம் வீடுகளில் துளை போட்ட அச்சில் கோலப்பொடியைத் தட்டிக் கோலம் இறக்குகிறார்கள் அல்லவா? அதே யுக்திதான் அங்கேயும். படத்தை ஊசியால் குத்திய காகிதத்தை ஓட்டின்மேல் வைத்துக் கரித்தூள் முடிச்சால் தட்டுவார்கள். புள்ளி புள்ளியாக விழுந்த கோட்டின்மேல் நீலத்தைத் தூரிகையால் இழுக்க வேண்டும். பூச்சு ஈரத்தை உடனே குடித்துவிடுவதால் ஒருமுறை இழுத்த கோட்டை அழிக்க வழி கிடையாது. பிறகு இரண்டாவது சூளை. அச்சு ஒன்றுதான், ஆனாலும் ஒரே படத்தைப் பத்து ஓட்டில் பார்த்தால், ஒரு பையன் சிரிப்பான், இன்னொருவனுக்கு மூக்குக் கோணியிருக்கும்.

பையன் என்று சொன்னது சும்மா இல்லை. பம்பரம் விடும் பிள்ளைகள், வளையம் உருட்டும் பிள்ளைகள், மீனவன், சிப்பாய், கப்பல், பால்காரி என்று தெருவில் கண்டதெல்லாம் அந்த ஓடுகளில் ஏறின. ஈரம் மிகுந்த அந்தத் தேசத்தில் சுண்ணாம்புச் சுவரின் அடியில் எப்போதும் ஓதம் ஏறும். ஆகவே தரையை ஒட்டி ஒரு வரிசை ஓடு. புகையும் கரியும் படிகிற அடுப்பங்கரையில் ஆள் உயரத்துக்கு ஓடு. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் கரி போய்விடும். விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அழகு அதற்குமேல் கிடைத்த கொசுறு.

வெர்மீர் 1658-ஐ ஒட்டித் தீட்டிய பால் ஊற்றும் வேலைக்காரியின் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். மஞ்சள் ரவிக்கையும், மடித்துவிட்ட கையும், சன்னமாக விழும் பால்தாரையும் நினைவில் நிற்கின்றன. அவள் பின்னால், தரையோரம் இருக்கும் ஓட்டு வரிசையை எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ! அதில் ஒன்றில் வில்லும் கையுமாக மன்மதன் நிற்கிறான். எஜமானோ எஜமானியோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மண்டியிட்டுத் தரை துடைக்கும்போதெல்லாம் அந்த மன்மதன் முகத்தையும் துடைத்தவள் அவள்தான்.

ஓடு வாத்தியார் வேலையும் செய்தது. பைபிள் கதைகளைத் தீட்டி, அடியில் அதிகாரமும் வசனமும் குறித்த ஓடுகள் ஏராளமாக விற்றன. பிற்காலத்தில் பெயர்பெற்ற ஆங்கிலேயப் பாதிரியார் பிலிப் டாட்ரிட்ஜ் 1702-ல் லண்டனில் பிறந்தவர். அவருக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே, கணப்பைச் சுற்றியிருந்த டச்சு ஓடுகளைக் காட்டி அவர் தாயார் வேதக் கதைகளைச் சொல்லிக் கொடுத்தாராம். பிரசங்கியார் ஒருவரை உண்டாக்கிய பெருமையில் எங்கோ ஹாலந்தில் கோடு இழுத்த குயவனுக்கும் பங்குண்டு.

அரண்மனைக்காரர்கள் விடுவார்களா? மியூனிக் நகருக்கருகே நிம்பன்பர்க் தோட்டத்தில் அமாலியன்பர்க் என்ற சின்ன வேட்டை மாளிகை இருக்கிறது. பவேரியாவின் கார்ல் ஆல்பிரெக்ட் தம் மனைவி அமாலியாவுக்காக 1734-லிருந்து 1739-க்குள் கட்டுவித்தது. அதன் சமையலறைச் சுவர் முழுவதும் டச்சு ஓடு. பூச்சாடிகளும் சீனக் காட்சிகளுமாக ஒரே கோலாகலம். சிற்பி க்யூவியே அங்கே நெருப்பை நாலாபுறமும் அடைத்து, மேலே துளையுள்ள இரும்புத் தகடு பொருத்திய அடுப்பொன்றையும் அமைத்தார். பறவை வேட்டைக்கு வரும் சில நாட்களில் எரிந்த அடுப்பு அது. சமையற்காரனின் கண்ணுக்கு விருந்து வைப்பது அரசியின் நோக்கமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மெக்ஸிகோவில் புவெப்லா நகரத்து சாந்தா ரோசா கன்னிமடம் வேறு ரகம். ஸ்பெயினிலிருந்து போன அதே வித்தைக்கு அங்கே 1653-லேயே குயவர் சங்கம் சட்டதிட்டங்கள் எழுதியிருந்தது. மடத்துச் சமையலறையில் சுவர், அடுப்புத் திண்ணை, வளைந்த கூரையின் உட்புறம் எல்லாமே ஓடு. மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்து அரைக்கும் 'மோலே' என்ற குழம்பு அங்கேதான் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை கிடக்கட்டும். வாசற்படி தாண்டாமல் ஆயுள் முழுவதும் அங்கேயே சமைத்த பெண்களுக்கு அந்த வர்ணக் கூரைதான் வானம். இந்தச் சரித்திரத்தில் மனசுக்கு நிறைவு தருகிற சமையலறை இது ஒன்றுதான் என்பேன்.

1756 ஜூலை 27-ம் தேதி லிவர்பூலில் ஒரு சம்பவம் நடந்தது. ஜான் ஸாட்லர், கை கிரீன் என்ற இருவர், காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் நடுவே, பிறர் உதவியில்லாமல் 1200-க்கு மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சடித்தார்கள். கைதேர்ந்த சித்திரக்காரர் நூறு பேர் அந்த நேரத்தில் இத்தனை தீட்ட முடியாது என்று சத்தியப் பிரமாணமும் செய்து பதிவு செய்தார்கள். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைக் காகிதத்தில் எடுத்து, அதிலிருந்து ஓட்டுக்கு மாற்றுவது அவர்கள் வழி. மூக்குக் கோணிய பையன் அன்றோடு போனான். 1840-ல் ரிச்சர்ட் ப்ராஸர், களிமண்ணை உலர்ந்த பொடியாகவே யந்திரத்தில் அழுத்தி உருவாக்கும் முறைக்கு உரிமை வாங்கினார். மின்டன் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு உலகச் சந்தையை நிரப்பியது. ஜப்பானியர் இந்த மாதிரி ஓட்டைக் கற்றுக்கொண்டு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லட்சுமியும் கிருஷ்ணனும் புடைத்து நிற்கும் வர்ண ஓடுகளாக இந்தியாவுக்கே அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அவற்றைப் பார்க்கலாம். விருந்தாளி கண்ணில் படும் சுவர்களுக்குத்தான் அந்த யோகம்.

அடுத்தது வெள்ளை. ராபர்ட் காக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, கண்ணுக்குத் தெரியாத எதிரியின் பயம் மேல்நாட்டு வீடுகளுக்குள் புகுந்தது. ஆஸ்பத்திரி, பால்பண்ணை, கசாப்புக் கடை எல்லாம் வெள்ளை ஓட்டுக்கு மாறின, சமையலறையும் மாறியது. 1900-ல் பாரிஸிலும் 1904-ல் நியூயார்க்கிலும் சுரங்க ரயில் நிலையங்களில் வெள்ளை ஓடு பதித்தார்கள். இன்று நம் கடைகளில் 'சப்வே டைல்' என்று புதுமையாக விற்கும் நீண்ட சதுர ஓடு அந்த ஸ்டேஷன் சுவர்தான். வெள்ளை ஓடு கிருமியைக் கொல்லாது. அழுக்கைக் காட்டிக் கொடுக்கும். அதுதான் அதன் சாமர்த்தியம். படம் போட்ட ஓடு ஒரு துளி எண்ணெயைத் தன் கோடுகளுக்குள் ஒளித்து வைத்து வேலைக்காரியைக் காப்பாற்றியது. வெள்ளை ஓடு எஜமானியம்மாளிடம் கோள் சொல்லியது.

இதற்கு நடுவே பிரான்சில் ஒரு வீட்டில் நீலம் பிழைத்திருந்தது. ஓவியர் மோனே ஜிவெர்னியில் தம் சாப்பாட்டு அறையை மஞ்சளாக்கினார். அடுத்திருந்த சமையலறைக்கு ரூவான் நகரத்து நீல ஓடுகளைப் பதித்தார். கதவு திறக்கும்போது மஞ்சளறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளேயிருந்து நீலம் இசைவாகத் தெரிய வேண்டும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். நிறத்தில் மோனேயின் கண்ணுக்கு யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கண் சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்த கண்.

1926-ல் பிராங்க்பர்ட் நகரசபை தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடு கட்டத் தொடங்கியபோது, சமையலறையை ஒரு பெண் வகுத்தார். மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற அந்தக் கட்டடக் கலைஞர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குடும்பப் பெண்ணின் காலடிகளை எண்ணினார். 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள அறைக்குள் அடுப்பு, தொட்டி, பலகை, மாவு டப்பா ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தார். தண்ணீரும் எண்ணெயும் தெறிக்கிற இடங்களில் மட்டும் ஓடு. அலமாரிகளுக்கு, ஈ அண்டாது என்று அப்போது பல்கலைக்கழகத்தார் சொன்ன ஒரு நீலப்பச்சை வர்ணம். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அந்தச் சமையலறை அமைந்தது. இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை, குழந்தையைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள முடியவில்லை என்று குடிவந்த பெண்கள் குறைப்பட்டார்கள். அந்த அம்மாள் 2000-ம் ஆண்டுவரை, நூற்றிரண்டு வயது வாழ்ந்தார். முதுமையில் கேட்டவர்களிடம் அவர் ஒளிக்காமல் சொன்ன சங்கதி இது: அந்தச் சமையலறையை வகுக்கும்வரை அவர் சமைத்ததே இல்லை, வியன்னாவில் அம்மா சமைத்துப் போட்டாள், பிராங்க்பர்ட்டில் ஓட்டல் சாப்பாடு.